மதில்மேல் பூனைக்கு யார் சொந்தம்?

வெள்ளவத்தையில் மீன் வெட்டும் இடத்தைச் சுற்றி நிற்கும் பூனையை, "குட்டிப் புலி மாதிரி" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். சொந்தம் உண்டுதான், ஆனால் மிகத் தூரத்துச் சொந்தம். சிங்கம், புலி, சிறுத்தை ஒரு கிளையாகவும் மற்றப் பூனைகள் இன்னொரு கிளையாகவும் பிரிந்து ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகள் ஆகின்றன.

தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்குப் போனால் சிறுத்தையின் கண்ணைப் பாருங்கள். நல்ல வெயிலிலும் அதன் கண்பாப்பா வட்டமாகவே சுருங்கும். வீட்டுப் பூனைக்கோ நெட்டுக்குத்தாக ஒரு கோடு.

குரலும் அப்படித்தான். சிறுத்தையின் நாக்கடி எலும்பு முழுதாக இறுகாமல், நடுவில் இழுபட்டுச் சுருங்கும் மீள்தசைநார் இருப்பதால்தான் அது கர்ச்சித்து உறுமுகிறது என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். பனிச்சிறுத்தைக்கும் அதே அமைப்புத்தான், ஆனால் அது அப்படி உறுமாது! அப்புறம்தான் குரல்வளைக்குள் பார்த்தார்கள். உறுமும் இனங்களுக்குக் குரல் மடிப்புகள் நீண்டு, தடித்து, கொழுத்திருக்கின்றன. மெல்ல அதிரும் அந்தக் கனமான மடிப்புகள்தான் உறுமலுக்கு முக்கியம்.

கிட்டிய சொந்தம் கொழும்பிலேயே இருக்கிறது. பத்தரமுல்லை, தலவத்துகொடைப் பக்கத்துச் சதுப்பு நிலங்களில் மீன்பிடிப் பூனைகள் வாழ்கின்றன. 2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்ததற்குக் காரணமான ஈரநிலங்களில் இந்தச் சதுப்பு நிலங்களும் அடங்கும். மீன்பிடிப் பூனை வீட்டுப் பூனையைவிட நல்ல பருமன், உடம்பெல்லாம் புள்ளி, கட்டை வால். இரவில் கண்டவர்கள் சிறுத்தைக் குட்டி என்று பயப்படுவதில் வியப்பில்லை. முன்பாத விரல்களுக்கிடையே கொஞ்சம் சவ்வு உண்டு; நகம் முழுதாக உள்ளே போகாது. அடியில் நெருக்கமான குறுமயிர் இருப்பதால் தண்ணீரில் இறங்கினாலும் தோல் இலகுவில் நனையாது.

வன்னிப் பக்கத்துக் காட்டுப்பூனை இன்னும் நெருக்கம். வீட்டுப் பூனையின் பேரினமே அதுவும். ஆனாலும் நம் வீட்டுப் பூனையின் மூதாதை இவை எதுவுமில்லை. அது மேற்காசியாவின் வேறொரு காட்டுப்பூனை இனத்தின் வழித்தோன்றல் என்று 2007இல் மரபணு ஆய்வு காட்டியது. அங்கே தானியக் களஞ்சியங்களில் எலி பெருக, பூனையும் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. யாரும் வருந்தி அழைத்திருக்க மாட்டார்கள். சைப்ரஸில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதருக்குப் பக்கத்திலேயே பூனையையும் புதைத்திருக்கிறார்கள். அந்தத் தீவில் பூனை இயற்கையாக இருந்ததில்லை. படகில்தான் போயிருக்க வேண்டும்.

இத்தனை தூரம் பிரிந்தும் ஒரு குறை பொதுவாக நிற்கிறது. இனிப்பை உணரவைக்கும் மரபணுக்களில் ஒன்று பூனைக்கும் பழுது, புலிக்கும் பழுது. உங்கள் தேத்தண்ணிக் கோப்பையைப் பூனை நக்கினால், அது சீனிக்காக அல்ல, பாலுக்காக.