காய்ச்சல் இல்லையே என்று காத்திருக்காதீர்கள்

"சளிதான் டாக்டர், காய்ச்சல்கூட இல்லை." மலேசியாவின் பட்டர்வொர்த்தில் என்னிடம் கைக்குழந்தையைத் தூக்கிவரும் பெற்றோர் பலர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். நான் முதலில் சட்டையைத் தூக்கி நெஞ்சைத்தான் பார்ப்பேன். மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போகிறதா, மூக்குத் துவாரம் விரிகிறதா? மூச்சுக்குழாய்களைத் தாக்கும் ஆர்.எஸ்.வி என்ற வைரஸின் தொற்றில் காய்ச்சலைவிட இவைதான் முக்கியம்.

இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தத் தொற்று வந்துவிடும். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானாகவே சரியாகும். பெரியவர்களுக்கு வெறும் மூக்கொழுகல். கைக்குழந்தைக்கோ நுரையீரலின் கடைசிக் குழாய்கள் மிகவும் மெல்லியவை; அவை வீங்கிச் சளியும் அடைத்தால் மூச்சு இழுக்கும். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும் பிறவி இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

முதல் நாள் கிளினிக்கில் சாதாரண சளி என்று சொல்லியிருந்தால் அது தவறில்லை. அன்றைக்கு அப்படித்தான் இருக்கும். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரைதான் இது தீவிரமாகும். அந்த நாட்களில் குழந்தை தூங்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுவரை 50, அதற்கு மேல் 40. இதைத் தொட்டாலே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். வழக்கமாகக் குடிக்கும் பாலில் பாதிகூடக் குடிக்கவில்லை, பாம்பர்ஸ் நனையவே இல்லை என்றாலும் அப்படித்தான். உதடு நீலமானாலோ மூச்சு விட்டுவிட்டு நின்றாலோ உடனே அவசர எண் 999ஐ அழையுங்கள். மிகச் சின்னக் குழந்தைகளுக்கு இருமலே இல்லாமல்கூட மூச்சு நின்று வரலாம்.

ஆன்டிபயாட்டிக் இந்த வைரஸை ஒன்றும் செய்யாது. "நெபுலைசர் வைத்துவிடுங்கள்" என்று கேட்கிறார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அதிலும் பலன் இல்லை. பால் கொடுப்பதற்கு முன் மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டுச் சளியை உறிஞ்சி எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி ஊட்டுவதுதான் உண்மையில் உதவுகிறது. குளிப்பாட்டியபின் பாட்டி காட்டும் சாம்பிராணிப் புகையை இந்த நாட்களில் தயவுசெய்து நிறுத்துங்கள். புகை அந்தக் குழாய்களை இன்னும் எரிச்சலாக்கும். கற்பூரத் தைலமும் வேண்டாம்.

தாஸ்காவுக்கு (குழந்தைப் பராமரிப்பு மையத்துக்கு) போகும் அக்காவோ அண்ணனோதான் பல வீடுகளில் இதைக் கொண்டுவருகிறார்கள். விளையாட்டுச் சாமான்மேல் வைரஸ் சில மணிநேரம் உயிரோடிருக்கும். அதனால் வீட்டுக்குள் வந்ததும் முதலில் கை கழுவட்டும், அப்புறம் தம்பியைக் கொஞ்சட்டும். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் சளியோடு வருபவர் குழந்தையை முத்தமிட வந்தால், அத்தையாகவே இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கர்ப்பிணிகள் போட்டுக்கொள்ளும் ஆர்.எஸ்.வி தடுப்பூசிக்கு 2023இல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அனுமதி தந்தன. தாயின் எதிர்ப்புச் சக்தி கருவிலேயே குழந்தைக்குப் போய், பிறந்த முதல் மாதங்களில் காக்கும். உங்களுக்கு அது பொருந்துமா, எங்கே கிடைக்கும் என்று அடுத்த கர்ப்பப் பரிசோதனையிலேயே கேளுங்கள்.