பூச்சிய உமிழ்வுப் பேருந்து

சீனாவின் சென்சென் நகரம் 2017ஆம் ஆண்டு முடிவதற்குள் தன்னுடைய பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பஸ்களை முழுவதுமாக மின்கலத்துக்கு மாற்றிவிட்டது. அதன் பிறகு பல நகரங்களும் அந்த வழியில் இறங்க, தமிழ்ச் செய்திகளிலும் ஆங்கில ‘zero-emission bus’ என்பதற்கு ஈடாக ‘பூச்சிய உமிழ்வுப் பேருந்து’ என்ற நீண்ட தொடர் அடிக்கடி தலைகாட்டுகிறது. தமிழக ஏடுகள் சிலவற்றில் இது ‘சுழிய உமிழ்வு’ என்றும் வரும். இலங்கையின் வடக்கே வன்னியில், பூச்சியத்தில் கணக்குப் படித்த பிள்ளைக்குச் சுழியம் அந்நியம். நாம் பூச்சியத்தையே வைத்துக்கொள்ளலாம்.

முதலில் பேருந்து. பெருமை + உந்து என்பது ‘பேருந்து’ என்றே புணரும். நம் ஊர்ப் பலகைகளில் காணும் ‘பேரூந்து’ பிழை. வெதுப்பகத்தையும் (பேக்கரி) உந்துருளியையும் (மோட்டார் சைக்கிள்) இயல்பாகச் சொல்லிப் பழகிய வன்னியில்கூட இந்த நெடில் ஒழியவில்லை. பஸ் என்பதோ ‘ஓம்னிபஸ்’ என்பதன் வால். 1826இல் பிரான்சின் நாந்து நகரில் ஓடிய குதிரை வண்டிக்கு அந்தப் பெயர் வழங்கியது. இலத்தீனில் அதன் பொருள் ‘எல்லோருக்கும்’. எல்லோரும் உதிர்ந்துபோய், நான்காம் வேற்றுமை உருபின் நுனி மட்டும் உலகெங்கும் ஓடுகிறது!

உமிழ்வுதான் சிக்கலான பகுதி. உமிழ்தல் என்றால் உள்ளிருப்பதை வெளியே தள்ளுதல்; உமிழ்நீரில் இருப்பதும் இந்தச் சொல்தான். நம் பௌதிகப் பாடநூல்கள் இதைக் ‘காலல்’ என்கின்றன. கால்தல் என்றாலும் கக்குதல்தான். நல்ல பழஞ்சொல், ஆனால் பஸ்ஸோடு சேர்த்தால் ‘பூச்சியக் காலல்’ என்று வாகனத்துக்குக் கால் இல்லாததுபோல ஒலிக்கும். சாலையில் புழங்கும் சொல் புகை. வரி அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் போகும் எவரும் ‘புகைப் பரிசோதனை’ என்றே சொல்வார். 1990களின் போர்க்கால எரிபொருள் தடையின்போது, சில துளி பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பி மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய வன்னிக்குப் புகையை யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

அப்படியானால் ‘புகையில்லாப் பஸ்’ என்று சொல்லிவிடலாமே? முடியாது. காபனீரொட்சைட்டு கண்ணுக்குத் தெரியாது. நன்றாகப் பராமரித்த டீசல் பஸ்ஸும் புகை காட்டாமல் அதைக் கக்கிக்கொண்டே போகும்.

பூச்சியம் எங்கே பூச்சியம் என்பதையும் கேட்க வேண்டும். கலிபோர்னியாவின் காற்றுவள வாரியம் 1990இல் ‘பூச்சிய உமிழ்வு வாகனம்’ என்பதை விதியாக எழுதியபோது, கணக்கில் கொண்டது வாகனம் தானே வெளியேற்றுவதை மட்டும். மின்கல பஸ்ஸுக்குப் புகைக்குழாயே இல்லை. ஐதரசனிலிருந்து மின்சாரம் உண்டாக்கும் எரிகலத்தில் ஓடும் பஸ்ஸிலிருந்து வெளிவருவது நீர். ஹைபிரிட் வண்டி எரிபொருளையும் எரிப்பதால் இந்த வகையில் சேராது. ஆனால் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து வந்தால், புகை இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மன்னார்த் தீவில் 2020 டிசம்பரில் தொடங்கிய, 103.5 மெகாவாற்று வலுவுள்ள ‘தம்பபவனி’ காற்றாலையிலிருந்து வந்தால் கதை வேறு. இரண்டும் ஒரே மின்வலையில் கலந்துவிடுவதால், வன்னியூடாகச் செல்லும் ஏ9 வீதியில் நாளை ஓடக்கூடிய மின்பஸ் எந்த மின்சாரத்தைக் குடித்தது என்று பிரித்துச் சொல்லவும் முடியாது.

என் தெரிவு இது: மின்கலத்தில் ஓடுவதை ‘மின்பேருந்து’ என்று எழுதலாம், பேச்சில் ‘மின்பஸ்’ போதும். ஐதரசன் வண்டியையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய சட்டத்திலும் அறிக்கையிலும் ‘பூச்சிய உமிழ்வு’ இருக்கட்டும். முதல்முறை வரும்போது ‘ஓடும் இடத்தில்’ என்று முன்னால் சேர்த்தால் பொருள் சரியாக நிற்கும். ‘மாசற்ற பேருந்து’ என்று சிலர் எழுதுவதை மட்டும் ஏற்க முடியவில்லை. மின்பஸ்ஸின் ரயரும் தேய்கிறது, அந்தத் தூளில் ஒரு பகுதி காற்றில் கலக்கிறது.