நம்பிக்கை இல்லாதவரும் அழும் பக்கம்

ருஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் மகன் அலெக்ஸி 1878 மே மாதத்தில் வலிப்பு கண்டு இறந்தான். மூன்று வயதுகூட நிரம்பவில்லை. வலிப்பு நோய் தந்தைக்கும் இருந்தது; தன்னிடமிருந்தே அது மகனுக்குப் போயிற்று என்ற எண்ணம் அவரை வதைத்தது. அடுத்த மாதம் ஆப்டினா மடத்துக்குச் சென்று அம்புரோஸ் என்ற முதிய துறவியைச் சந்தித்தார். அவரிடம் கேட்ட ஆறுதல் மொழியே ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலில் இடம்பெற்றது என்று மனைவி அன்னா பின்னாளில் எழுதினார்.

நாவலில், மூன்று வயது நிரம்பாத மகனைப் பறிகொடுத்த குடியானவ வகுப்புத் தாய் ஒருத்தி ஸோசிமா என்ற துறவியிடம் வருகிறாள். அந்தக் குழந்தைக்கும் அலெக்ஸி என்றே பெயர். உன் பிள்ளை இறைவனிடம் இருக்கிறான், அழாதே என்கிறார் துறவி. அவள் தேறவில்லை. அவனுடைய குட்டிக் காலடி ஓசையை ஒரே ஒருமுறை கேட்டால் போதும் என்று சொல்லி, அவன் கட்டியிருந்த இடைக்கச்சையை மார்புத் துணிக்குள்ளிருந்து எடுத்துப் பார்த்துக் கதறுகிறாள். துறவி தன் பேச்சை மாற்றுகிறார். ஆறுதல் கொள்ள வேண்டாம், அழு என்கிறார்.

சொர்க்கத்தை நம்பாத வாசகருக்கும் இங்கே கண் கலங்கும். மெலனி கிரீன், திமோத்தி பிராக் என்ற உளவியலாளர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வு இதைப் புரிந்துகொள்ள உதவுகிறது. கதையில் ஆழ்ந்துபோனவர்கள் அதில் பொய்யாக ஒலிக்கும் இடங்களைக் குறைவாகவே கண்டார்கள். நடந்த கதை என்று சொன்னாலும் கற்பனை என்று சொன்னாலும் அவர்கள் ஆழ்ந்த அளவு பெரிதாக மாறவில்லை. நமக்குள் இருக்கும் வழக்கறிஞர் அந்த நேரத்தில் வாதாடுவதில்லை.

வெறும் சோகம் மட்டும் இருந்தால் நாம் புத்தகத்தை மூடிவைத்திருப்போம். ஃபிராங்பர்ட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் மென்னிங்ஹவுஸ் குழுவினர், மனம் உருகும் அனுபவத்தில் துயரமும் மகிழ்ச்சியும் கலந்தே இருப்பதைக் காட்டினார்கள். மரணம், பிறப்பு, திருமணம், பிரிந்தவர் கூடுதல் என உறவு பெரிதாகத் தெரியும் தருணங்களே மனிதரை உருக்குகின்றன. ஸோசிமா முதலில் தந்தது கோட்பாடு. பின்னர் தந்தது துணை. கண்ணீர் இரண்டாவதற்குத்தான்.

உடலில் இரு வேலைகள் நடக்கின்றன. பரிவு நரம்புகள் மயிர்க்கால்களின் நுண்தசைகளைச் சுருக்க, உடல் சிலிர்க்கிறது. எதிர்ப்பரிவு நரம்புகள் கண்ணீர்ச் சுரப்பியைத் தூண்டுகின்றன. முன்னது முடுக்கி விடுவது, பின்னது தளர்த்துவது. இரண்டும் அடுத்தடுத்தோ சேர்ந்தோ வரலாம். இதே நிறுவனத்தார் கவிதை கேட்பவர்களின் தோலைக் கேமராவில் படம்பிடித்தபோது, வரிகளும் பத்திகளும் முடியும் இடங்களில் சிலிர்ப்பு அதிகம் வந்தது. சிலிர்ப்புக்குச் சற்று முன்பே மூளையின் வெகுமதிப் பகுதி விழித்துக்கொள்கிறது. வரப்போவதை அது எதிர்பார்த்திருக்கிறது. உரைநடையிலும் இப்படித்தானா என்பதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். ஆனாலும் அந்தத் தாயை இரண்டு பக்கம் தவிக்கவிட்டு அதன் பிறகே ‘அழு’ என்ற சொல்லை வைத்த கை, தேர்ந்த கை.

இப்படி உருகியவர் மறுநாள் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ போவார் என்று இதற்குப் பொருள் இல்லை. குழந்தைகளின் வேதனையைக் காட்டி, கடவுளின் ஏற்பாட்டை ஏற்க மறுக்கும், சகோதரர்களில் ஒருவனான இவானின் பேச்சும் இதே நாவலில்தான் இருக்கிறது. பக்தர்களையும் அது அதே நரம்புகளின் வழியாகத்தான் உலுக்குகிறது.