ஆர்கேட் பெட்டிக்குள்ள கறுப்பு ஒயர் செய்யுற வேலை

காசு போட்டு ஆடுற ஆர்கேட் வீடியோ கேம் பெட்டில பட்டனை அமுக்குனா அங்கருந்து கரண்ட் கிளம்பி கேம் போர்டுக்குப் போகுதுன்னுதான் நிறைய பேர் நினைச்சுக்கிட்டிருக்காங்க, ஆனா நடக்குறது நேர் எதிர். போர்டே ஒவ்வொரு பட்டன் லைன்லயும் ஒரு ரெசிஸ்டர் வழியா 5 வோல்ட்டை எப்பவும் நிறுத்தி வச்சிருக்கும். நீங்க அமுக்கும்போது அந்த லைன் கிரவுண்டை, அதாவது சப்ளையோட மைனஸைத் தொட்டு 0 வோல்ட்டுக்கு இறங்குது, அவ்வளவுதான். போர்டுல இருக்குற டிடிஎல்ங்கிற பழைய வகை டிஜிட்டல் சிப்புக்கு 2 வோல்ட்டுக்கு மேல இருந்தா ஒண்ணு, 0.8க்குக் கீழ போனா பூஜ்யம். ரெசிஸ்டர் 4.7 கிலோ ஓம்னு வச்சுக்கிட்டா ஓடுற கரண்ட் ஒரு மில்லிஆம்ப்தான், அதனால பட்டனுக்கு மெல்லிசு ஒயரே தாராளம்.

ஆனா எல்லா பட்டனும் கிரவுண்டுக்குத் திரும்பி வர்றது ஒரே கறுப்பு ஒயர்ல. பட்டனுக்கு அடியில இருக்குற மைக்ரோசுவிட்ச்சுல மூணு கால் இருக்கும், காமன், என்ஓ (அமுக்குனா மட்டும் காமனோட சேருறது), என்சி (அமுக்காதப்போ சேந்திருக்குறது). காமன்ல கறுப்பை மாட்டி ஒரு சுவிட்ச்சுலருந்து அடுத்ததுக்கு வரிசையா தாவிக்கிட்டே போகணும், என்ஓல அந்தந்த பட்டனோட சிக்னல் ஒயர். மறந்துபோய் என்சில மாட்டிட்டா கை வைக்காமலே பட்டன் அமுங்கின மாதிரி நிக்கும், கேம்ல இருக்குற ஆளு பாட்டுக்கு தானா நடந்துக்கிட்டே இருப்பான்.

கோட்டையூர்ல ஒரு அண்ணன் வீட்டு ரெண்டாங்கட்டுல ஒரு பழைய பெட்டி நிக்குது, 1991ல வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 போர்டு. ரெண்டாவது ஆளு பக்கம் மொத்தமா செத்துப்போச்சு, "போர்டு போயிருச்சு தம்பி, சென்னைக்கு அனுப்பிரலாமா"ன்னு கேட்டாரு. பேனலைத் தூக்கிப் பாத்தா ஸ்டார்ட் பட்டன் காமன்ல லக்கு (ஒயர் நுனியில இருக்குற உலோகக் கிளிப்) கழண்டு ஒரு மயிரிழை தள்ளி நிக்குது, அதுக்கு அடுத்து வரிசையில இருக்குற ஒண்ணுமே வேலை செய்யல. இதை மனசுல வச்சுக்கங்க: ஒரே ஒரு பட்டன் செத்தா சந்தேகம் அந்த சிக்னல் ஒயர் மேலயும் சுவிட்ச் மேலயும், ஒரு இடத்துலருந்து கூட்டமா செத்தா கறுப்பு ஒயர் மேல. லக்கை பிளையர்ல லேசா நெருக்கி மாட்டுனதோட, சங்கிலியோட கடைசி முனையையும் கொண்டுபோய் கிரவுண்டுல சேத்து வளையமாக்கிட்டோம், இனி எங்க ஒரு இடத்துல விட்டாலும் மறுபக்கத்துலருந்து கிரவுண்டு கிடைச்சிரும்.

ஜாய்ஸ்டிக் மாட்டும்போது இன்னொண்ணு. குச்சியை இடது பக்கம் தள்ளுனா பேனலுக்குக் கீழ இருக்குற நுனி வலது பக்கம் போகும், அதனால இடதுக்கான ஒயர் வலது பக்க சுவிட்ச்சுக்குத்தான் போகணும்.

இப்ப போர்டு பக்கம் வருவோம். 1985லருந்து ஜப்பான் கம்பெனிகள் ஜாமான்னு ஒரே கனெக்டருக்கு வந்தாங்க, பக்கத்துக்கு 28ன்னு மொத்தம் 56 கால். ஒரு ஆளுக்கு மூணு பட்டன்தான் அதுல கணக்கு, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2க்கு ஆறு வேணும்கிறதால உதைக்கிற மூணுக்கும் தனி கனெக்டர் வரும். எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சது கிரவுண்டுக்கு ஒதுக்கின இடம். 56ல எட்டு கால் கிரவுண்டுக்கே, 5 வோல்ட்டுக்கு நாலு. ஏன் இத்தனைன்னா போர்டு சும்மா குடிக்குறதே 4 ஆம்ப் வரைக்கும் போகலாம். பட்டனுக்குப் போட்ட 0.3 ஸ்கொயர் எம்எம் ஒயரையே போக ஒரு மீட்டர் வர ஒரு மீட்டர்னு இதுக்கும் இழுத்தா, வழியிலேயே 0.46 வோல்ட் காணாமப் போயிரும், சப்ளைல 5 காட்டும் போர்டுல 4.54தான் இருக்கும். டிடிஎல்லுக்கு 4.75க்குக் குறையக் கூடாது, குறைஞ்சா படம் குப்பையா வரும், பாதி ஆட்டத்துல ரீசெட் ஆகும், எல்லாரும் போர்டைத் திட்டுவாங்க. 0.75 ஒயர் போட்டா இழப்பு 0.18தான், அதையே ரெண்டு மூணு காலுக்குப் பிரிச்சு இழுத்தா இன்னும் குறையும். கனெக்டர் பல்லு தளர்ந்து அழுக்கேறி இருந்தாலும் இதே கதிதான், 0.05 ஓம் கூடுனா 0.2 வோல்ட் போச்சு, அதனால போர்டு விளிம்பை வெள்ளை ரப்பர் வச்சுத் தேய்ச்சு ஐபிஏல (ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்) தொடச்சுட்டு மாட்டுங்க. மல்டிமீட்டர் முனையை சப்ளைல வைக்காம போர்டு மேலயே வச்சு அளக்கணும், அதுவும் கேம் ஓடும்போது.

ஏழாவது கால்ல ஒரு சாவி அடைப்பு இருக்கும், அதைப் பிடுங்கி எறியாதீங்க. கனெக்டரை தலைகீழா மாட்டுனா ரெண்டு முனையிலயும் கிரவுண்டு இருக்குறதால கிரவுண்டு கிரவுண்டோடயே சேரும், ஆனா 12 வோல்ட் நேரா ரெண்டு ஆளோட ரெண்டாவது பட்டன் காலுக்குப் போயிரும்.

கிரவுண்டு வேற, மண்ணுக்குள்ள போற எர்த்து வேற. நம்ம பக்கம் இது உயிர்ப் பிரச்சினை. பழைய வீடுகள்ல பாதி பிளக் பாயிண்ட் ரெண்டு ஓட்டைதான், பிள்ளைங்க வெறுங்காலோட ஆத்தங்குடிக் கல்லு மேல நின்னுக்கிட்டு பெட்டியோட இரும்பு காசுக் கதவைத் தொடுதுங்க. உள்ள 230 வோல்ட் எங்கயாவது கசிஞ்சா அதுங்க உடம்புதான் வழி. காசுக் கதவு, சப்ளை கூடு, மானிட்டர் சட்டம் எல்லாத்தையும் பச்சை ஒயர்ல கட்டி மூணு பின் பாயிண்ட்டுக்குக் கொண்டுபோங்க, கரண்ட் கசிஞ்சா தானா அணைக்கிற 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி சுவிட்ச் ஒண்ணு போடுங்க. செட்டிநாட்டு மண்ணு சித்திரை வைகாசில எலும்பாக் காஞ்சிரும், காஞ்ச மண்ணு கரண்ட்டை வாங்காது, எர்த்து குழிக்கு வெயில் காலத்துல அப்பப்ப ரெண்டு வாளி தண்ணி ஊத்தியே ஆகணும்.

ஸ்பீக்கரோட மைனஸை கறுப்பு ஒயர்ல சேக்காதீங்க, நிறைய போர்டுல அது கிரவுண்டே கிடையாது, ஆம்ப்ளிஃபையர் போயிரும். பழைய டியூப் மானிட்டர் படத்தோட வரிகளை 15 கிலோஹெர்ட்ஸ் வேகத்துல வரையுறது, கம்ப்யூட்டர் மானிட்டர் 31, கன்வெர்ட்டர் இல்லாம மாத்த முடியாது. டியூப் கழுத்துப் பக்கமும் மேல இருக்குற ரப்பர் மூடிப் பக்கமும் பழகாதவங்க கை வைக்கவே வேண்டாம், 20,000 வோல்ட்டுக்கு மேல, சுவிட்ச் அணைச்ச பிறகும் நிக்கும்.

மொத வாட்டி ஆன் பண்ணும்போது போர்டு மாட்டாம கனெக்டர்ல 5, 12 ரெண்டும் சரியா வருதான்னு பாருங்க. அணைங்க, போர்டை மாட்டுங்க, திரும்ப ஆன் பண்ணி சப்ளைல இருக்குற சின்ன திருகை போர்டுல 5.0லருந்து 5.1க்குள்ள வர்ற வரைக்கும் மெதுவா திருப்புங்க. அதுக்கப்புறம்தான் பட்டனை ஒண்ணொண்ணா அமுக்கிப் பாக்கணும்.