ரைஸ் மில்லுக்கு ஜெட் சான்றிதழ்: வெண்கலத்தோடு நிற்க வேண்டாம்

மத்திய குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம் 2022 ஏப்ரல் 28-ல் இப்போதைய வடிவில் தொடங்கிய திட்டம் ஜெட் (ZED, Zero Defect Zero Effect). சரக்கில் குறை இருக்கக் கூடாது, அதைச் செய்வதால் சுற்றுச்சூழலுக்குக் கேடும் வரக் கூடாது என்பதுதான் இதன் அடிப்படை. உத்யம் (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் இணையப் பதிவு) உள்ள உற்பத்தித் தொழில் எதுவும் சேரலாம். நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறையும் சரி, மன்னார்குடி ரைஸ் மில்லும் சரி.

வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று படி. கட்டணம் முறையே 10,000, 40,000, 90,000 ரூபாய். இதில் குறுந்தொழிலுக்கு 80 சதவீதம் மானியம், சிறுதொழிலுக்கு 60, நடுத்தரத்துக்கு 50. பெண்கள் நடத்தும் தொழிலுக்கு முழுக் கட்டணமும் அரசுடையது. ஜெட் நெறியைப் பின்பற்றுவதாக உறுதிமொழி எடுத்ததும் 10,000 ரூபாய் சேர்க்கைச் சலுகை உண்டு. அது கையில் வராது, சான்றிதழ்க் கட்டணத்தில்தான் கழியும். பணம் கட்டுமுன் அன்றைய மானிய அளவை ஜெட் வலைதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

2025 ஏப்ரல் முதல் குறுந்தொழிலின் வரம்பு: இயந்திர முதலீடு 2.5 கோடி, விற்றுமுதல் 10 கோடி. நெல் கொள்முதலே பெருந்தொகை என்பதால், இயந்திரம் குறைவாக உள்ள மில்லும் விற்றுமுதலால் சிறுதொழிலுக்குப் போய்விடும். அப்போது வெள்ளிக்கு, சேர்க்கைச் சலுகையைக் கழிக்குமுன், 8,000 அல்ல, 16,000 ரூபாய் என்று கணக்கு வைக்க வேண்டும்.

விண்ணப்பம் பெரும்பாலும் உத்யமிலேயே மாட்டிக்கொள்ளும். அரிசி வியாபாரம் என்று பதிந்திருந்தால் உற்பத்தியாகக் கணக்கில் வராது. அரிசி அரவைக்கான 10612 என்ற தொழில் வகைக் குறியீட்டைச் சேர்த்துவிடுங்கள். பதிவில் இருப்பது கணக்குப்பிள்ளையின் அல்லது இ-சேவை மையத்தின் செல்போன் எண் என்றால் ஓடிபி அங்கேதான் போகும். அதையும் முதலிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

வெண்கலத்துக்கு 5 அளவுகோல்தான்: தலைமை, தூய்மையான பணியிடம், பாதுகாப்பு, குறித்த நேரத்தில் சரக்கு அனுப்புவது, தர மேலாண்மை. ஆவணமும் படமும் ஏற்றினால் வேலை முடிந்தது. எரிபொருள், கழிவு பற்றி ஆழமான கேள்வி இல்லை. சுவரில் மாட்ட நன்றாக இருக்கும், அவ்வளவே.

வெள்ளிக்கு 14 அளவுகோல். ஆற்றல் மேலாண்மையும் சுற்றுச்சூழல் மேலாண்மையும் இங்கேதான் வருகின்றன, மில்லுக்கு மிச்சம் பிடிக்கும் இடமும் இதுதான். நூறு கிலோ நெல்லில் ஏறக்குறைய 20 கிலோ உமி. புழுங்கல் போடும் மில்லில் அது பாய்லருக்கே போகிறது. ஒரு டன் நெல்லுக்கு எத்தனை யூனிட் மின்சாரம், எத்தனை கிலோ உமி என்று மாதாமாதம் எழுதுங்கள். புழுங்கலையும் பச்சரிசியையும் ஒரே பக்கத்தில் எழுதினால் கணக்கு குழம்பிவிடும். குறுவை நெல் மழையில் நனைந்து வரும் மாதத்தில் உலர்த்த எரிபொருள் கூடும். அந்த மாதத்தைச் சம்பாவோடு ஒப்பிட்டு பாய்லரைக் குறை சொல்லக் கூடாது. ஈரப்பதம் ஒத்த சரக்குக்கே உமி கூடுகிறதென்றால் நீராவிக் குழாயைப் பாருங்கள்: உறை கிழிந்த இடம், சொட்டும் வால்வு, திரும்பி வராமல் சாக்கடைக்குப் போகும் வெந்நீர்.

சான்றிதழ் பெற்ற மில், மாசு குறைக்கும் தொழில்நுட்ப மேம்பாட்டுக்கு 3 லட்சம் ரூபாய் வரை உதவி கேட்கலாம். சான்று 3 ஆண்டுக்குச் செல்லும். ஊறல் தொட்டித் தண்ணீருக்கும் புகைபோக்கிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை தனியே வேண்டும். ஜெட் அதற்கு மாற்று அல்ல.