வேலியிலிருந்து அளந்து பாருங்கள்

டெக்சாஸ் புறநகர் ஒன்றின் தீயணைப்புத் துறையில் இன்ஸ்பெக்டராக இருக்கிறேன். போகியன்று விடிவதற்குள், பக்கத்து வீட்டில் ஒரே புகை என்று புகார் வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் தீயணைப்பு வண்டிக்காரர்கள் அணைத்திருந்தார்கள். நம் ஊர்க் குடும்பம். கடையில் வாங்கிய இரும்பு ஃபயர் பிட்டில், அதாவது நெருப்பு மூட்டும் தொட்டியில், பாதி கருகிய பாய், அட்டைப்பெட்டி, பச்சை பூத்த ஒரு வேலிப்பலகை.

மகனைப் பார்க்க வந்திருந்த பெரியவருக்குக் கோபம். "ஏன் தம்பி, நம்ம கொல்லையில நெருப்பு மூட்ட ஊரைக் கேக்கணுமா?"

"இங்க கேக்கணும்யா" என்று சொல்லி டேப்பை நீட்டினேன். பிட்டிலிருந்து மரவேலி 9 அடி.

அமெரிக்காவில் பல ஊர்கள் இன்டர்நேஷனல் ஃபயர் கோடு என்ற தீப்பாதுகாப்பு மாதிரி விதித்தொகுப்பில் தங்கள் திருத்தங்களைச் சேர்த்து உள்ளூர்ச் சட்டமாக்கியிருக்கின்றன. அதன்படி விறகுக் குவியல் 3 அடி அகலம், 2 அடி உயரத்துக்குள் இருந்தால்தான் அது பொழுதுபோக்கு நெருப்பு. அதைத் தாண்டினால் சொக்கப்பனை கணக்கு: 50 அடி இடைவெளி, பெர்மிட். சின்ன நெருப்புக்கே 25 அடி வேண்டும். வீட்டிலிருந்து மட்டுமல்ல, தீப்பற்றக்கூடிய எதிலிருந்தும். மரவேலியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் 25, நடுவில் குழிக்கு 3, ஆக 53 அடி. புதுக் குடியிருப்புகளில் அவ்வளவு ஆழமான கொல்லை எத்தனை பேருக்கு இருக்கிறது?

நகர்த்தக்கூடிய பிட்டுக்கு 15 அடி போதும். தனி வீடுகளுக்கு அதிலும் அந்த ஃபயர் கோடு விலக்குத் தருகிறது. "கடையில விக்கிறாங்களே சார்" என்று மகன் சொன்னது இந்தத் தைரியத்தில்தான். ஆனால் எங்கள் ஊர் அந்த விலக்கை ஏற்கவில்லை. உங்கள் ஊர் ஏற்றிருக்கிறதா என்பதை ஃபயர் மார்ஷல் (தீப்பாதுகாப்பு அதிகாரி) அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். குடியிருப்புச் சங்கத்தின் விதி தனி. அது இதைவிடக் கறாராகவும் இருக்கலாம்.

டெக்சாஸில் வறட்சிக் காலத்தில் கவுன்டி (மாவட்ட நிர்வாகம் மாதிரி) எரிப்புத் தடை போடும். மீறினால் 500 டாலர் வரை அபராதம்.

எரித்த பொருளுக்கு வருவோம். குப்பையை எரித்தால் அது பொழுதுபோக்கு நெருப்பே அல்ல. அந்தப் பச்சைப் பலகைதான் என்னை அதிகம் உறுத்தியது. 2003 இறுதி வரை வீட்டு உபயோக மரங்களைக் கரையான் அரிக்காமலிருக்க ஆர்செனிக் கலந்த மருந்தில் ஊறவைத்து விற்றார்கள். அந்த மரம் இப்படித்தான் பச்சை பூத்திருக்கும். எரித்தால் புகையிலும் சாம்பலிலும் அதே விஷம். பக்கத்தில் பேரக்குழந்தை வெறுங்காலோடு நின்றிருந்தாள்.

மேசைமேல் வைத்து ஆல்கஹால் ஊற்றி எரிக்கும் சின்ன பிட்டை எந்த விதி அனுமதித்தாலும் நான் வாங்கமாட்டேன். சுடர் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அணைந்துவிட்டதென்று மறுபடி ஊற்றினால் பாட்டிலிலிருந்தே தீ பீறிடும். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2024 டிசம்பரில் இதைப் பற்றி எச்சரித்தது.

கிளம்பும்போது பெரியவர் சாம்பலை ஒரு காகிதப் பையில் அள்ளிக்கொண்டிருந்தார், கராஜில் வைக்க. வாங்கி மறுபடி தண்ணீர் விட்டுக் கிளறினேன். அடியிலிருந்து 'சுர்' என்று ஆவி வந்தது. "இன்னும் கங்கு இருக்கே!" என்றவர், மூடியுள்ள தகரவாளி தேட உள்ளே போனார்.