கெப் வாங்க முதல் கீழே குனிந்து பாருங்கள்

போன மாதம் நிலாவெளித் தம்பி ஒருவர் டபுள் கெப் (இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் திறந்த தட்டும் உள்ள வண்டி) ஒன்றை என் கராஜுக்குக் கொண்டுவந்தார். டொயோட்டா ஹைலக்ஸ் விகோ, பெயின்ற் கண்ணாடி மாதிரி. "எஞ்சினை மட்டும் பாத்துச் சொல்லுங்கண்ணா, பின்னேரம் அட்வான்ஸ் குடுக்கணும்" என்றார். எஞ்சினில் குறை இல்லை. ஜாக்கில் தூக்கி, பின்சில்லுக்கு மேலே செசி, அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம், வளையும் இடத்தை ஸ்குரூ டிரைவரால் தட்டினேன். 'டங்' என்று கேட்கவேண்டியது 'டொக்' என்றது. இன்னொரு தட்டு. கறள் பொலபொலவென்று கொட்ட, ஸ்குரூ டிரைவர் உள்ளே போய்விட்டது.

திருகோணமலையில் கெப் என்ன வேலைக்கு ஓடுகிறது என்று யோசியுங்கள். கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் மீன்பெட்டி ஏற்றினால், ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் பின்தட்டின் இடுக்குகளால் செசிக்குள் இறங்கும். கரையில் படகு இழுத்த வண்டி என்றால் பின் அச்சே கடலில் நனைந்திருக்கும். செசி உள்ளே வெறும் கூடு. அரிப்பும் உள்ளிருந்துதான் தொடங்கும். அடியில் புதுக் கறுப்புப் பூச்சைக் கண்டால், கறளை மறைக்க அடித்ததோ என்று எனக்குச் சந்தேகம் கூடும். லீஃப் ஸ்பிரிங் கொளுவும் இடங்களையும் பிரேக் பைப்புகளையும் டோர்ச் அடித்துப் பாருங்கள்.

எஞ்சினைக் காலையில், ஆறியிருக்கும்போது பாருங்கள். பொனட் சூடாக இருந்தால் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் செய்து ஒயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளக் கூடாது. தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். சைலன்சரில் நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. விகோவின் 3.0 லீற்றர் எஞ்சினில் இன்ஜெக்டருக்கு அடியிலுள்ள செப்பு வாஷரைக் கட்டாயம் விசாரியுங்கள். அது கசிந்தால் கரி ஒயிலில் கலந்து, கீழே ஒயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். பிறகு எஞ்சின் இறுகும். மாற்றிய பில் இருந்தால் கேட்டு வாங்குங்கள். மீற்றர் கணக்கை நான் நம்புவதில்லை, பெடல் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒதுக்கவேண்டிய வண்டிகளும் ஒட்டுப்போட்டு ஓடின. அவைதான் இப்போது பளபளவென்று விற்பனைக்கு நிற்கின்றன.

பேப்பர் என் தொழில் இல்லை. ஆனாலும் பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்த கடிதம் கைக்கு வரும்வரை அட்வான்ஸைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள். செசி இலக்கத்தையும் வண்டியில் நீங்களே தேய்த்துத் துடைத்துப் படியுங்கள். கறள் தின்ற இடத்தில் அதுவும் மங்கியிருக்கும்.